சூசையப்பர் வராத குடில்

"சூசையப்பர் எங்கம்மா? சூசையப்பரை என்னா பண்ணீங்க?"

அந்தோணி அண்ணன் போட்ட சத்தத்தில் கூரைக்கடியில் ஒண்டியிருந்த புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன. என் வீட்டுக்காரர் மணியம் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எங்கே எது தப்பினாலும் முதலில் என்னைப் பார்ப்பது அவர் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து விடாமல் செய்துவரும் ஒரே காரியம் அதுதான்.

மூலையில் நீலச் சாட்டின் துணியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா மட்டும் தலை நிமிரவில்லை. அவள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

பீடோங்கிலிருந்து உள்ளே போகும் சடக்கில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் சின்ன மாதா கோயில் அது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாள்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. உள்ளே ஈரத் தகரமும் மெழுகும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் எங்காவது மெழுகுவத்தி அணைந்த புகை வந்தால் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது. மனசு என்னமோ செய்கிறது.

இந்தத் தொடரில் நான் என் வீட்டுக்காரரை ரொம்ப வாருகிறேன் என்று போன வாரம் ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கோபித்துக்கொண்டார். இந்த வாரம் அவர் நிம்மதியாகப் படிக்கலாம். தப்பு முழுக்க என்னுடையது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது

நாங்கள் கல்யாண மணவறை ஜோடிக்கிறவர்கள். சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் வீடு. முன் ஹால் முழுக்க தெர்மோகோல் யானையும் பிளாஸ்டிக் வாழைமரமும்தான் குடியிருக்கும். மனிதர்கள் பின்னால் எங்காவது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தோணி அண்ணன் அந்தக் கோயிலின் உபதேசியார். மாதத்துக்கு ஒரு தடவை டவுனிலிருந்து ஃபாதர் வந்து பூசை வைப்பார், மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, விளக்குப் போடுவது எல்லாம் இவர்தான். இயேசு பிறந்த இடத்தைச் சிலைகளால் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலையும் வருஷா வருஷம் இவரே போடுவார். அந்த வருஷம் மோட்டார் சைக்கிளில் விழுந்து கையில் கட்டு.

"மணியம், உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சிலையெல்லாம் பெட்டியில இருக்குலா. எடுத்து அழகா அடுக்கிடு" என்றார்.

"கதை தெரியாதே அண்ணே" என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன். "மரியம்மா கதைதானே? எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

அந்தோணி அண்ணனுக்குச் சந்தோஷம். நான் எந்தக் கோயிலில் அந்தக் கதையைக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

ஸ்டெல்லா

ஸ்டெல்லா எங்களிடம் தையல் வேலை செய்தாள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்த மாதா கோயிலிலேயே ஞானஸ்நானம் வாங்கிய பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கிய சமயத்தில் புருஷன் ஜொகூருக்கு வேலைக்குப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு அந்த நம்பரே இல்லை என்று மெஷின் சொன்னது.

புருஷன் போனால் ஊர் சும்மா இருக்குமா? அவன் ஏன் போனான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். எல்லாக் காரணமும் கடைசியில் அவள் வயிற்றில்தான் வந்து நின்றது. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாளாம். அதோடு ஸ்டெல்லா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

அவள் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தான். தைப்பிங்கில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி. பிறந்ததும் அவர்களிடம் கொடுத்துவிடுவது, இவள் சின்ன வயசு, வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்வது. ஸ்டெல்லாவும் தலையை ஆட்டிவிட்டாள்.

"மனசாரத்தான் சொல்றியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கேக்கிறாங்கக்கா. யாருக்குன்னு பதில் சொல்றது? பிள்ளை வளந்து அதையும் கேப்பாங்க. அதுக்காவது பதில் சொல்ற மாதிரி ஒரு வீடு இருக்கட்டுமே" என்றாள்.

எங்கள் வீட்டில் தங்கிய இரவுகளில் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்க நினைக்கிறவள் தடவுகிற மாதிரி அது இல்லை.

கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள், துணி தைக்க ஆள் வேண்டும் என்று பொய்யும் நிஜமுமாகச் சொல்லித்தான் அன்றைக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இப்போது நான் கதை கேட்ட இடத்தைச் சொல்ல வேண்டும்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் காக் யா இருந்தார். குடில் வைத்ததற்குப் பல வருஷம் முன்னால் நானும் அவரும் ஒரே சமயத்தில் பிள்ளையாண்டிருந்தோம். மத்தியானம் துணி காயப்போட நான் பின்பக்கம் வந்தால், அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, மடியில் குர்ஆனை விரித்த பலகையோடு ஓதிக்கொண்டிருப்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பி வேலிதான். அதில் என் துணியும் காயும், அவர் துணியும் காயும்.

"என்ன காக், தினமும் ஒரே இடத்தையே படிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். ஓதும் இழுவை எனக்கே மனப்பாடமாகியிருந்தது.

"சூரா மர்யம், அடிக். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நாங்கள் இதை ஓதுவோம். பிரசவம் லேசாகும்" என்றார். அவர் மலாயில்தான் பேசுவார்; காக் என்றால் அக்கா, அடிக் என்றால் தங்கை. நான் தமிழில் எழுதுகிறேன்.

"மர்யம்னா? எங்க தோட்டத்து மாதா கோயில்ல இருக்காங்களே, அவங்களா?"

"அவரேதான். குர்ஆனில் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே பெண் அவர்தான்."

எனக்குப் பெரிய அதிசயம். மாதா கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். சின்ன வயசில் பீடோங் பஸ்ஸில் மோசஸ் அண்ணன் டிரைவர், பாக் மூசா கண்டக்டர். இருவருக்கும் ஒரே பேர்தான், ஒரே ஆளை வைத்துத்தான் இருவருக்கும் பேர் வைத்தார்கள் என்பதைக்கூட காக் யா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடினார்களே, அவர்களுக்காவது தெரியுமோ தெரியாதோ!

மூசாவுக்குத் தவ்ராத், தாவூதுக்கு ஸபூர், ஈசாவுக்கு, அதாவது இயேசுவுக்கு, இன்ஜீல் என்று ஆண்டவன் முன்னாலேயே வேதங்கள் கொடுத்தான், அவற்றை நம்புவது எங்கள் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்றார் காக் யா. யூதர்களும் கிறிஸ்தவர்களும் அந்த வேதங்களின் மக்கள். ஆனால் காலப்போக்கில் மனிதர் கை பட்டு அவை மாறிப்போயின, அதனால் கடைசியாகக் குர்ஆன் இறங்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. இதையெல்லாம் அவர் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னார். நானும் பாதி உரித்துக் கொடுத்தேன்.

பிறகு கதை சொன்னார். மர்யம் தன் ஆட்களை விட்டுத் தூரமாகப் போய்விட்டார். கூட யாருமில்லை. வலி வந்தது. ஒரு பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன்னாலேயே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா, எல்லாரும் என்னை மறந்துபோயிருக்கக் கூடாதா என்று அழுதார். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: கவலைப்படாதே, உன் காலடியில் ஓடை ஓடுகிறது. மரத்தை உலுக்கு, பழம் விழும். சாப்பிடு, குடி, கண் குளிர இரு. யாரையாவது பார்த்தால், இன்றைக்கு நான் எவரோடும் பேசுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன் எனச் சொல்லிவிடு.

"பிறகு?" என்றேன்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார். புருஷனில்லாமல் பிள்ளையா என்று எல்லாரும் ஏசினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையைக் காட்டினார். தொட்டில் பிள்ளை பேசியது."

அன்றைக்கு நான் அழுதேன். மசக்கையில் எதற்கெடுத்தாலும் அழுகை வரும், அது வேறு. காக் யா வேலிக்கு மேலே கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "சபார்லா, அடிக்" என்றார். பொறுமையாக இரு என்று. இப்போது அவர் மகனோடு பாலிங் பக்கம் போய்விட்டார். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் வேலியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவர் நல்ல சுவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மத்தியானத்தில் துணி காயப்போடப் போனால் எனக்குப் பேச ஆளில்லை.

பெட்டியில் இருந்த ஆம்பிளைகள்

குடிலுக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த கதையை அப்படியே இவருக்குச் சொன்னேன். இவர் சும்மா சொல்லக் கூடாது, பிரமாதப்படுத்திவிட்டார். தோட்டத்து நாற்றுமேட்டிலிருந்து பையோடு ஒரு செம்பனைக் கன்று வாங்கி வந்தார். காக் யா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை மெல்லிய கம்பியில் கோத்துக் குலைகுலையாகக் கட்டினார். கல்யாணத்துக்கு வைக்கும் குட்டி மோட்டாரைப் போட்டு, கூழாங்கல் நடுவே சலசலவென்று தண்ணீர் ஓடவிட்டார். மரத்தடியில் மாதா. குடிசை கிடையாது, மாடு கிடையாது.

பெட்டிக்குள் தாடி வைத்த சில ஆம்பிளைச் சிலைகள் இருந்தன. "இவங்கள எங்க வெக்கிறது?" என்று இவர் கேட்டார்.

"பிள்ளை பெறுகிற இடத்துல ஆம்பிளைக்கு என்ன வேலை? உள்ளயே கிடக்கட்டும்" என்று பேப்பரில் சுற்றிப் பெட்டியை மூடிவிட்டேன்.

ஸ்டெல்லா துணியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தவள் அப்படியே நின்றாள். "அக்கா, சூசையப்பர் எங்க?"

"யாரு அது?"

"மாதாவோட வீட்டுக்காரரு. பக்கத்துலயே நிக்கணும்கா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்படி ஒருத்தர் கதையில இல்லையேடி. அவங்க தனியாத்தானே இருந்தாங்க?" என்று ஆரம்பித்து, காக் யா சொன்னதை முழுக்க ஒப்பித்தேன். தனியாகப் போனது, செத்திருக்கலாமே என்று அழுதது, ஓடை, பழம், யாருக்கும் பதில் சொல்லாதே என்ற குரல், எல்லாம்.

ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"செத்திருக்கலாமேன்னு மாதாவே சொன்னாங்களாக்கா?"

"அப்படித்தான் காக் யா சொன்னாங்க."

"அதுக்கு ஆண்டவர் கோவிச்சுக்கலையா?"

"எங்க கோவிச்சாரு? சாப்பிடுன்னு பழம்தானே கொடுத்தாரு."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து, சரி, தப்பாகிவிட்டது, அந்தத் தாடிக்காரரைத் தேடி எடுப்போம் என்று பெட்டிப் பக்கம் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்கா."

அவள் மூலைக்குப் போய் மறுபடி தைக்க உட்கார்ந்த சமயத்தில்தான் அந்தோணி அண்ணன் உள்ளே வந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா குனிந்த தலையோடே சொன்னாள். "நான்தான் வெக்க வேணாம்னு சொன்னேன் அண்ணே."

அவள் அங்கே இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

"அது அவங்க வேதம்மா. அதை மரியாதையா கேட்டுக்குவேன். எங்க புத்தகத்துலகூட முதல் பாதி யூதருங்களோடதுதான். மாதாவே யூதப் பொண்ணு. ஆனா எங்களுக்கு இயேசு இறைமகன். அவங்களுக்கு அவர் நபி. அதுல நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவங்களும் மாட்டாங்க. சூசையப்பர் இல்லாம குடில் வெக்க முடியாதும்மா."

எங்கள் இந்துப் பக்கத்தில் ஒரே சாமிக்கு ஊருக்கொரு கதை இருக்கும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இங்கே அப்படியில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று பேரும் ஒரே வரிசையில் கட்டிய தெரஸ் வீட்டுக்காரர்கள். சுவர் பொது, கதவு தனித்தனி.

அந்தோணி அண்ணன் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. மாதா மாசமா இருக்கிறது தெரிஞ்சதும் சூசையப்பரும் விட்டுடலாம்னுதான் நெனச்சாரு. எங்க வேதத்துலயே இருக்கு. சத்தமில்லாம விலக்கிடலாம்னு. கனவுல தூதர் வந்து பயப்படாதேன்னு சொன்ன பிறகுதான் ஏத்துக்கிட்டாரு."

"அவரு போகலையே அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "எங்க வீட்டு ஆளு போயிட்டாரே."

அந்தோணி அண்ணன் எழுந்தார், குடிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், தொங்குகிற பழத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பேப்பரில் சுற்றியிருந்த சிலையைக் கையில் எடுத்தார்.

"குழந்தை சிலையை நாங்க பண்டிகை ராத்திரி பூசையிலதான் வெப்போம். அதுவரைக்கும் தொட்டில் காலியாத்தான் இருக்கும்" என்றார். "சூசையப்பரும் அன்னைக்கே வரட்டும். அது வரைக்கும் மாதா தனியா இருக்கட்டும்."

சிலையை மறுபடி பேப்பரில் சுற்றி வைத்தார். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பண்டிகை வரைக்கும் தினமும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று சொல்லி ஸ்டெல்லா கோயிலுக்குப் போனாள். பெஞ்சு மாறி உட்கார்ந்த அம்மாகூட வந்து ஏதோ கேட்டாளாம். இவள் பதிலே சொல்லவில்லையாம். அண்ணன் போன் செய்தாலும் அப்படித்தான். பிள்ளை விஷயமாக நான் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. தைப்பிங்குக்குக் கொடுக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

காக் யாவிடம் குடில் கதையைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மறுநாள் மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் ரொம்ப வருஷம் கழித்து அதே சூரா மர்யம் இழுவை கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் ஓதிக்கொண்டே, போ, உன் வேலையைப் பார் என்று கையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில்

பொங்கலுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம்.

மறுநாள் பார்வை நேரத்தில் ஸ்டெல்லாவின் அண்ணன் வந்தான். கூடவே தைப்பிங் அம்மா. வீட்டுக்காரர் கீழே நிறுத்தியிருக்கும் காடியில் காத்திருக்கிறார் என்றாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. நாற்பது தாண்டிய முகம், நெற்றியில் அன்றைக்குத்தான் கோயிலில் வைத்த விபூதி. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"பேசினபடி செஞ்சிடலாமா?" என்றான் அண்ணன்.

ஸ்டெல்லா பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உன்னைத்தான் கேக்கிறேன். அவங்க லீவு போட்டு வந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லேன்."

அவன் என்னைப் பார்த்தான். "என்னாக்கா இவ? வாய்ல என்னா?"

"அவ இன்னைக்குப் பேச மாட்டாப்பா" என்றேன்.

அவன் குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தில் பிள்ளை பாலை விட்டுவிட்டு வீறிட்டு அழுதது. ஸ்டெல்லா அதன் முதுகைத் தடவினாள். அழுகை உடனே அடங்கி, அது மறுபடி மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

தைப்பிங் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணன் தோளைத் தொட்டாள். "போதும் தம்பி. விடுங்க" என்றாள்.

துணிப்பையைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். உள்ளே குட்டிக் குட்டிச் சட்டைகள், குல்லா, சாக்ஸ், ஒரு மஞ்சள் போர்வை. "எல்லாம் கழுவித்தான் வெச்சிருக்கேன்மா. அப்படியே போடலாம்" என்றாள்.

ஸ்டெல்லா அப்போதுதான் வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தரம் தூக்கிப் பாருங்கக்கா."

அந்த அம்மாவின் கை தானாக முன்னால் வந்தது. பாதியில் நின்றது. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. தூக்கிட்டா திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள்.